இரைச்சல் வந்த வழி

எனக்குப் பாட்டில் பெரிய ஆர்வமில்லை. சொன்னால் கிற்றார் வாசிப்பவர்கள் நம்பமாட்டார்கள், ஏனென்றால் அவர்களில் சிலருக்குப் பெடல் செய்து கொடுப்பவன் நான்தான். எனக்குப் பிடித்தது இரைச்சல். ஒரு மின்சுற்றுக்குள் எங்கிருந்தோ வந்து குந்திக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று இரைகிற வேண்டாத சத்தத்தை ஒவ்வோர் இடமாகத் தேடிப் போய்ப் பிடிப்பதில் எனக்கு ஒரு ருசி உண்டு. இரைச்சலுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், பொறுமையாகத் தேடினால் அது அகப்படும். அலுவலகத்தில் நாள் முழுவதும் காரணமே இல்லாத கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவனுக்கு இது சின்ன ஆறுதல் இல்லை.

பெடல் என்பது கிற்றாருக்கும் அம்ப்ளிபயருக்கும் நடுவில் தரையில் வைக்கும் ஒரு சின்னப் பெட்டி. காலால் அமத்தினால் கிற்றாரின் குரல் மாறும், தடிக்கும், கரகரக்கும், நீண்டு ஒலிக்கும். கடையில் விற்பவை எல்லாம் வெளிநாட்டுச் சாமான், கிட்டப் போகவே ஏலாது. உள்ளே திறந்து பார்த்தால் இரண்டு மூன்று திரான்சிஸ்டரும் ஒரு கைப்பிடி சில்லறைப் பாகங்களும்தான் இருக்கும். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றியவை பாதி, கொழும்பிலிருந்து வருவித்தவை பாதி என்று நான் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பெட்டிக்கு பிஸ்கட் ரின் போதும்.

என் வீடு உட்துறைமுக வீதிக்கு மேலே, சரிவில் இருக்கிறது. கீழே ஒரு வெல்டிங் பட்டறை. வள்ளங்களின் இஞ்சின் பாகங்களை வெட்டுவதும் தீட்டுவதுமாகப் பகல் முழுக்க அது பல்லைக் கூச வைக்கும். அது ஞாயிற்றுக்கிழமையும் பூட்டுவதில்லை. ஆகவே என் வீட்டில் பெடல் செய்யலாம், ஆனால் ஒரு விருந்தாளியைக் கூப்பிட்டு இருத்தி வைத்துக் கிற்றார் வாசித்துக் காட்ட முடியாது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்களில் பின்னேரங்களில் கிற்றார் வாசித்துக் குடும்பம் நடத்தி வந்தான். பிறகு அந்தத் தட்டுப்பாட்டுக் காலம் வந்தது. சமையல் காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வெள்ளைக்காரர் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, ஹோட்டல்கள் படுத்துவிட்டன. அவன் தன் பெடல்களை விற்றான், பெரிய அம்ப்ளிபயரை விற்றான், மைக்கையும் விற்றான். கடைசியில் கிற்றாரும், யாரும் வாங்க வராத ஒரு குட்டி அம்ப்ளிபயரும் மிஞ்சின. அதன்பின் வாடகை ஓட்டோ ஓடினான். காலம் கொஞ்சம் தேறிய பிறகும் ஓட்டோதான் ஓடிக்கொண்டிருந்தான்.

அவன் ஒரு நாள் என் அலுவலக வாசலில் ஓட்டோவை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். உப்புவெளியில் ஒரு ஹோட்டல் திரும்பவும் திறக்கப்போகிறதாம். கிற்றார் வாசிக்க ஓராள் வேண்டுமாம். ஹோட்டலில் இன்னும் பூச்சு வேலை நடப்பதால் மனேஜர் மாதக் கடைசி ஞாயிறு நகரத்துக்கு வரும்போது அவனுடைய வீட்டுக்கே வந்து வாசிப்பைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். வெறும் கிற்றாராக வாசித்தால் அவர்கள் கேட்கிற பாட்டுகள் எடுபடாது, ஒரு பெடல் வேண்டும் என்றான். அது சரிவராவிட்டால் கட்டாருக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். கடவுச்சீட்டு ஏற்கெனவே ஏஜென்டின் மேசையில் கிடந்தது. பிள்ளைக்கு அப்போதுதான் பேச்சு வரத் தொடங்கியிருந்தது. மனைவி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை என்றான். அந்த மௌனந்தான் அவனுக்குப் பயம்.

செய்து தருகிறேன் என்றேன். இரக்கத்தினால் என்று சொன்னால் பொய். கரகரப்பான பெடல்களில்தான் இரைச்சலை அடக்குவது கஷ்டம், வருகிறதையெல்லாம் அவை பெருப்பித்துக் காட்டிவிடும். எனக்கு அது வேண்டியிருந்தது.

முதலில் அதை ஒரு பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் கட்டிப் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே இரைந்தது. பிளாஸ்டிக் எதையும் தடுக்காது, வீட்டு வயர்களில் ஓடும் கரண்டின் இரைச்சல் அப்படியே உள்ளே வந்துவிடும். பிஸ்கட் ரின்னுக்கு மாற்றினேன். மூடிக்கும் ரின்னுக்கும் இடையில் பெயின்ற் இருந்ததால் இரண்டும் ஒட்டவில்லை, சுரண்டி எடுத்தேன். கரண்டில் குத்துகிற அடப்ரரைக் கழற்றிவிட்டுப் பற்றறி போட்டேன். உள்ளே போகும் வயரைச் செப்பு வலை சுற்றிய உறை வயராக மாற்றினேன். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் ஒரு படி கீழே இறங்கியது. கடைசிப் பரீட்சை, கிற்றார் கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைப்பது. வைத்ததும் சத்தம் செத்துவிட வேண்டும். கம்பி பெடல் வழியாக அம்ப்ளிபயருக்கும், அம்ப்ளிபயர் பிளக் வழியாக வீட்டின் எர்த்துக்கும், எர்த் மண்ணுக்கும் போகிறது, கையை வைத்தால் நாங்களும் அந்தப் பக்கம் சேர்ந்துவிடுகிறோம். என் வீட்டில் கையை வைத்தேன், செத்தது. திருப்தியாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் வீட்டில் சுவிட்சைப் போட்டதும் குச்சவெளி பஸ் இஞ்சினை நிறுத்தாமல் வாசலில் வந்து நின்றது போல இருந்தது.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. பஸ்ஸில் கொண்டுவந்ததில் ஏதோ சோல்டர் விட்டுப்போயிருக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொண்டு வந்தேன். பிரித்தேன். எல்லா மூட்டுகளையும் திரும்பச் சூடாக்கி ஒட்டினேன். என் வீட்டில் அது சத்தமில்லாமல் இருந்தது. அவன் வீட்டில் திரும்பவும் பஸ். மனேஜரை என் வீட்டுக்குக் கூப்பிடலாமென்றால் கீழே பட்டறை. நிலத்துக்குப் போகும் வயர்களையெல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுவந்து கட்டினேன். திரான்சிஸ்டரை மாற்றினேன். அவனுடைய கிற்றாரைக்கூடத் திறந்து உள்ளே செப்புத் தாள் ஒட்டினேன். அலுவலகம் விட்டால் நேரே அவன் வீடு, அங்கிருந்து என் வீடு என்று அலைந்தேன். அவன் ஒருநாளாவது குறை சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவனோ பக்கத்தில் இருந்து, “பரவாயில்லை மச்சான், முந்தியைவிடக் குறைவு” என்பான். குறையவில்லை. இரண்டு பேருக்கும் காது இருந்தது.

வேலையில் பிழை என்னுடையதுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டதால் வேறெங்கும் பார்க்கவில்லை. பெருமைக்காரனின் பழக்கம் அது. பிழையைக்கூடத் தனக்கென்றே வைத்துக்கொள்வான்.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. அவன் கதிரையில் இரண்டு கால்களையும் மடக்கி வைத்து வாசித்துக்கொண்டிருந்தான். இரைச்சல் வழக்கம்போல. கால் விறைத்ததோ என்னவோ, ஒரு காலை இறக்கி வெறும் சீமெந்துத் தரையில் வைத்தான். இரைச்சல் சட்டென்று பாதியாகியது. காலைத் தூக்கச் சொன்னேன். கூடியது. வைக்கச் சொன்னேன். குறைந்தது. திரும்பத் திரும்பச் செய்வித்தேன். “நான் என்ன சுவிட்சா?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிலத்துக்குப் போக வேண்டிய ஏதோ ஒன்று பிளக்கால் போகாமல் அவனுடைய காலால் போய்க்கொண்டிருந்தது.

அந்த நேரம் குசினிக்குள் பிரிட்ஜ் ஒரு தரம் உதறிக்கொண்டு ஓடத் தொடங்கியது. அதோடு இங்கே அம்ப்ளிபயரின் இரைச்சலும் தடித்தது.

நான் எழுந்து குசினிக்குப் போனேன். அவனுடைய மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா. காலில் றப்பர்ச் செருப்பு. எங்கள் பக்கம் வீட்டுக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. இத்தனை நாளும் அவவின் காலில் அதைக் கண்டும், பித்தவெடிப்பாக்கும் என்று விட்டிருந்தேன். பிரிட்ஜுக்கு முன்னால் குறுக்கே ஒரு கதிரை படுக்கப் போடப்பட்டிருந்தது. நான் கையை நீட்டியதைக் கண்டதும் அவ மறித்தா.

“செருப்பில்லாமத் தொடாதேங்கோ அண்ணா. அது கடிக்கும்.”

வளவில் நாய் நிற்கிறது, பார்த்து வாங்கோ என்று சொல்கிற குரலில்தான் சொன்னா. கதிரை எதற்கு என்று கேட்டேன். பிள்ளை போய்த் தொடாமல் இருக்க என்றா. எவ்வளவு காலமாக இப்படி என்று கேட்டேன். கொஞ்சக் காலமாக என்று சொல்லிவிட்டு, ஆறிக்கொண்டிருந்த தேத்தண்ணியை இன்னொரு தரம் ஆற்றினா. தொட்டால் கரண்ட் அடிப்பதைத்தான் கடிப்பது என்போம், ஊரில் பிரிட்ஜ் கடிக்காத வீடு குறைவு, கடற்காற்றில் எல்லாம் கறள் பிடித்துக் கசியும், செருப்புப் போட்டுக்கொள் என்பதுதான் எல்லாரும் சொல்லும் வைத்தியம். நான் கதிரையைத் தள்ளி வைத்தேன்.

கரண்ட் பட்டால் எரியும் ரெஸ்ரர் பையில் இருந்தது, அதைப் பிரிட்ஜின் பிடியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. அம்ப்ளிபயரின் தகட்டில் வைத்தேன், எரிந்தது. கிற்றார் கம்பியிலும் எரிந்தது. அந்த அறையின் தரை காய்ந்திருந்ததால்தான் கம்பி அவனை இதுவரை கடிக்காமல் விட்டிருக்கிறது, குசினித் தரை எப்போதும் ஈரம். ஒரு வீட்டில் எர்த் வயர்கள் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துதான் மண்ணுக்குப் போகின்றன. மண்ணுக்குப் போகிற கடைசி வயர் அறுந்துவிட்டால், பிரிட்ஜில் கசிகிற கரண்ட் போக வழியில்லாமல் வீட்டிலுள்ள எல்லா இரும்புக்கும் வந்துவிடும். என் பெடல் அதைத்தான் இவ்வளவு நாளும் எங்களுக்குச் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் பெடலின் வாயை அடைக்கப் பார்த்திருக்கிறேன்.

மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பின்பக்கம் போனேன். அவனும் பின்னால் வந்தான். மீற்றர் பெட்டியிலிருந்து எர்த் வயர் சுவரோடு இறங்கி, கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற இடத்தில் மண்ணுக்குள் போக வேண்டும். அங்கே வயர் இல்லை. மேலே ஒரு விரல் நீளத்துக்கு, குறட்டால் சுத்தமாக வெட்டிய துண்டு நின்றது. மற்றபடி சுவரில் ஒரு கோடு மட்டும். வயர் இருந்தபடியே எப்போதோ சுண்ணாம்பு அடித்ததில், வயர் போன பிறகு பழைய நிறம் நேர்கோடாகத் தெரிந்தது. மண்ணைக் கிளறினேன். உள்ளே இறக்கியிருந்த செப்புக் கோலும் இல்லை.

அந்தக் கஷ்டகாலத்தில் ஊரில் செப்பு எதுவும் தங்கவில்லை. ரெலிபோன் வயரைக்கூட இரவோடிரவாக வெட்டிக்கொண்டு போனார்கள். கள்ளன் கொண்டுபோயிருக்கிறான் என்றேன்.

அவன் சுவரில் இருந்த அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தான்.

“கள்ளன் இல்ல மச்சான். நான்தான்.”

பிள்ளைக்குப் பால்மா இல்லாத கிழமையாம். கிற்றாரையும் பிரிட்ஜையும் விட்டால் விற்க வேறொன்றும் இருக்கவில்லை. பழைய இரும்பு வாங்குகிறவர் செப்பென்றால் உடனே எடுப்பார். எடுக்கும்போது பயம் வரவில்லையா என்று கேட்டேன். அதற்கு அவன் சொன்ன மறுமொழி மேடையில் வாசிக்கிறவன் ஒருவனுக்கு மட்டுமே வரக்கூடியது. திருவிழாக்களில் ஒலிபெருக்கிக்காரர், இரைச்சல் கூடினால் முதலில் பிளக்கின் எர்த்தைத்தான் கழற்றிவிடுவார்கள். உடனே சத்தம் நின்றுவிடும். சின்ன வயதிலிருந்து அவன் அதைத்தான் பார்த்து வந்தவன்.

“எர்த் எண்டது இரைச்சலைக் கொண்டு வாற வயர் எண்டுதான் நினைச்சனான். அது இல்லாட்டி நல்லம் எண்டு நினைச்சன்.”

நான் ஏசினேன். ஒலிபெருக்கிக்காரர்கள் உயிரோடிருப்பது அவர்களுடைய கெட்டித்தனத்தால் இல்லை, அதிர்ஷ்டத்தால் என்றேன். ஈரக் கையோடு பிள்ளை அந்தப் பிரிட்ஜைப் பிடித்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று, சொல்லக்கூடாததையெல்லாம் விவரமாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டான். பிரிட்ஜ் கடிப்பதற்கும் தான் வயரை வெட்டியதற்கும் தொடர்பு இருக்கிறதென்று அவனுக்கு அந்த நிமிடம்தான் தெரியவந்தது. அதை அவனுடைய முகத்தில் பார்த்தேன், ஏசுவதை நிறுத்தினேன்.

“அவவுக்குச் சொல்லிப்போடாத,” என்றான். “பிள்ளைக்குப் பால் வாங்கப் பிள்ளையையே பணயம் வச்சவன் எண்டு நினைப்பா. பிறகு நான் கட்டாருக்குப் போறதுதான் நல்லமெண்டு அவவுக்குத் தோணும். கள்ளன் எண்டே இருக்கட்டும்.”

ஓம் என்றேன்.

உள்ளே போய்க் கள்ளன் கதையைச் சொன்னேன். அவ தலையாட்டினா. பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி, நாளைக்கு வரும்வரை அதையோ அம்ப்ளிபயரையோ தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. கடையில் புதுக் கோலும் பச்சை வயரும் வாங்கிக்கொண்டு போனேன். கிணற்றடியில் கோலை இறக்க ஒரு கிடங்கு வெட்டினோம். எங்கள் மண் வெறும் மணல், ஈரம் நிற்காது, ஆகவே கோலைச் சுற்றி உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். கரி வீட்டில் இருந்தது, உப்பு போதவில்லை. அவன் கடைக்குப் போனான். பிரிட்ஜையும் திறந்து பார்த்தேன், பின்பக்க வயர் ஒன்றை எலி கடித்திருந்தது, மாற்றினேன். பிறகு கிடங்கடிக்கு வந்தபோது அவ வாளியில் தண்ணீரோடு நின்றா.

கோலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவ தண்ணீரை மெதுவாக ஊற்றினா. பேசாமல் இருப்பது ஒரு மாதிரி இருந்ததால், இந்தக் கள்ளர்களுக்குக் கண்மண் தெரியாது என்று எதையோ சொல்லி வைத்தேன்.

“கள்ளன் இல்ல அண்ணா,” என்றா, கிடங்கைப் பார்த்தபடி. “வயர் போன அண்டைக்கே கண்டனான். சுவரில கோடு மட்டும் கிடந்தது. அயலைக் கூப்பிடுவம் எண்டு வாயைத் திறக்கிறன், அவர் பால்மாப் பெட்டியோட வாறார். ஊரில ஒருதருக்கும் கிடைக்காத நேரம். நான் கேக்கேல்ல.”

அதற்குப் பிறகுதானா பிரிட்ஜ் கடிக்கத் தொடங்கியது என்று மட்டும் கேட்டேன்.

“ஓம். கடிக்கும் எண்டுதான் தெரியும். இப்பிடிக் கொல்லும் எண்டு நேற்று நீங்கள் அவரை ஏசேக்கதான் தெரியும். குசினி யன்னலால கேட்டது.” வாளியைக் கீழே வைத்தா. “எனக்குத் தெரியுமெண்டு அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவர் தாங்கமாட்டார். கட்டாருக்கே போயிடுவார்.”

அதற்கும் ஓம் என்றேன். வேறென்ன சொல்ல? அவன் உப்புப் பைக்கற்றோடு வந்தான். மூவருமாகக் கிடங்கை மூடினோம்.

வயரைக் கட்டி, பிரிட்ஜின் பிளக்கையும் செருகி, மெயினைப் போட்டு, பெடலை அமத்தினேன். பஸ் போய்விட்டது. அடியில் மெல்லிய ஒரு ‘ஸ்ஸ்’ மட்டும் இருந்தது, அது திரான்சிஸ்டரின் சொந்தச் சத்தம், அதை எடுக்க ஏலாது, எடுக்கவும் தேவையில்லை. அவன் கம்பிகளில் கையை வைத்தான், எடுத்தான், காலைத் தூக்கினான், இறக்கினான். எதற்கும் மாறவில்லை. நான் ரெஸ்ரரைப் பிரிட்ஜின் பிடியில் வைத்துப் பார்த்தேன். எரியவில்லை. நான் செய்த பெடல்களிலேயே நல்லது அதுதான், ஆனால் அதற்கு நான் கடைசியில் செய்த வேலை கிடங்கு வெட்டியதுதான்.

ஞாயிறு மனேஜர் வந்தார். சட்டைக் கையில் பெயின்ற் பட்டிருந்தது. வெறும் தேத்தண்ணி குடித்துக்கொண்டே நாலு பாட்டுக் கேட்டார். பெடல் எங்கே வாங்கியது என்று கேட்டார். பிறகு, அடுத்த மாதம் தொடக்கம் கிழமைக்கு நாலு பின்னேரம் வாருங்கள், உடுப்பு ஹோட்டல் தரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் படலையைச் சாத்தும்வரை மூன்று பேரும் மரியாதையாக நின்றோம். ஏஜென்டிடம் நாளைக்கே போய்க் கடவுச்சீட்டை வாங்கிவிடுகிறேன் என்றான் அவன். அவ குசினிக்குள் போனா, மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

என்னை மத்தியானச் சாப்பாட்டுக்கு மறித்தார்கள். சோறும் நண்டுக் கறியும். சந்தோசத்தில் அவனுக்கு வாய் நிற்கவில்லை. நடிப்பு அவனுக்கு ஒருபோதும் வராது, இருந்தும் என் முகத்தை ஒருக்கால் பார்த்துவிட்டுத் தொடங்கினான். அந்த வயரைக் கொண்டுபோன கள்ளன் மட்டும் தன் கையில் அகப்பட்டால் தோலை உரிப்பானாம், அந்தக் கள்ளன் உருப்படவே மாட்டானாம். நான் கண்ணால் போதும் போதும் என்றேன், அவன் கவனிக்கவில்லை.

அவ பிள்ளைக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தவ, நிமிரவில்லை.

“ஏசாதேங்கோ,” என்றா. “பாவம். அவன்ர வீட்டிலயும் ஒரு பிள்ளை பாலுக்கு அழுதிருக்கும்.”

பிறகு சட்டிக்குள் அகப்பையை விட்டுத் தேடி, இருந்ததிலேயே பெரிய நண்டுக் காலை எடுத்து அவனுடைய சோற்றுக் கோப்பையில் வைத்தா. அவன் அதற்கு மேல் கள்ளனை ஏசவில்லை. நான் தலையைக் குனிந்து என் நண்டை உடைத்தேன். தனியாக இருந்து பழகியவன் நான், அது எனக்கு வசதி என்றும் எல்லாரிடமும் சொல்லி வந்தவன். அன்றைக்கு அந்த இரண்டு பேர் மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது.